வாரத்துக்கு ஒரு பக்கம்: தர்மபுரி மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் என்னிடம் வந்தவர்கள் கைநாட்டு வைக்கிறவர்கள். இப்போது பள்ளிப் பிள்ளைகளும், பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களும் வந்து நிற்கிறார்கள். வருமானம் கூடுகிறது; வயிறு எரிகிறது.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு ஒரு பக்கம், தமிழில், கையால், சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். ஆசிரியர் அதைப் படித்து, திருத்தித் திருப்பித் தர வேண்டும்.

அண்மையில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி, பத்தாம் வகுப்பில் படிக்கும் பேத்தியுடன் வந்தார். முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். விவரத்தைக் கேட்டதும் அந்தப் பெண் தன் செல்போனை நீட்டினாள். எந்த மாதம் பணம் நின்றது, யாரைப் போய்ப் பார்த்தார்கள், என்ன பதில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துகளில் தமிழாகத் தட்டி, சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. முன்பின் மாறவில்லை. இத்தனை தெளிவாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு நான் எதற்கு என்று வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவளிடமே கொடுத்தேன்.

முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. பாட்டி என்பது பட்டி என்று விழுந்தது. ‘நின்றுவிட்டது’ என்பதற்கு எந்த ‘ன’, எந்த ‘ற’ என்று என்னைக் கேட்டாள். “பத்தாவது படிக்கிறாளே சாமி, இதுகூட வராதா?” என்றார் பாட்டி. அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. அந்தத் தலைகுனிவுக்கு அவள் பொறுப்பல்ல. பொறுப்பு யாருடையது என்பதை அதிகாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவளுடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறாள். தோழிகளுக்கு ஆங்கில எழுத்தில் தட்டுகிறாள். அதில் குறிலும் நெடிலும் ஒன்று. மூன்று னகரங்களுக்கும் ஒரே எழுத்து. ரகரமும் றகரமும் ஒன்று. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. அதைப் பார்த்து நோட்டில் வரைகிறாள். நானாக யோசித்து எழுதினேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு தமிழ் வரி அன்றாடத்தில் இல்லை. தேர்வில் வரும் கடிதமும் கட்டுரையும் உரைநூலிலிருந்து மனப்பாடம் செய்தவை.

குறுஞ்செய்திச் சுருக்கங்களால் பிள்ளைகளின் எழுத்துத்திறன் கெடவில்லை என்று இங்கிலாந்தில் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டதை நீங்கள் எடுத்துக்காட்டலாம். அங்கே பள்ளியிலும் போனிலும் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து ஒன்றுதான். எங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் எழுத்து, போனில் வேறோர் எழுத்து. நாள் முழுவதும் புழங்குவது கையில் தங்குகிறது, மற்றது நழுவுகிறது. போனைப் பிடுங்கச் சொல்லவும் நான் வரவில்லை. பெற்றோர் வெளியூரில் இருக்கும் வீட்டில் போனைப் பிடுங்கினால் தாயைப் பிடுங்கியதாகிவிடும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் நான்காம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில் திறந்தபோது ஆறாம் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டாள். 2022இல், விட்டுப்போன அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்க ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்தது. நல்ல திட்டம், ஆனால் அவள் அப்போது ஏழாம் வகுப்பு. தேர்ச்சி மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 விழுக்காட்டோடு மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் இது. அடுத்த கணக்கெடுப்பில் அவள் எழுத்தறிவு பெற்றவள் என்று பதிவாகிவிடுவாள். அதை வைத்து முன்னேற்றம் என்று யாரும் மேடையில் பேசிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நூலகத்துக்குப் போகட்டும் என்பீர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பல ஊராட்சிகளில் 2006க்குப் பிறகு கட்டிய அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. நோட்டைத் திருத்த வேண்டிய ஆசிரியரோ, பள்ளி விவரங்களைப் பதிவதற்கான கல்வித்துறையின் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். சிவப்பு மை தொட்ட நோட்டைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று எந்தப் பெற்றோரையும் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய திட்டமோ, செயலியோ, விழாவோ நான் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம், திருத்தப்பட்டு வர வேண்டும், அவ்வளவுதான். தன் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதட்டும், பஸ் வராத நாளைப் பற்றி எழுதட்டும், பெங்களூரிலிருக்கும் அப்பாவுக்குக் கடிதம் எழுதட்டும். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்தி, கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

வரும் பருவத்திலிருந்தே இது நடக்கும்படி சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் நகலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கு வாசித்துக் காட்டச் செய்யுங்கள். எழுதிய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை தங்களுக்கு உண்டென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
தர்மபுரி