நம் தெருப் பிள்ளையார் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கும்பாபிஷேகம் முடிந்து, மண்டலாபிஷேகமும் 48 நாள் குறைவின்றி நடந்தேறியது. விமானத்துக்கு வர்ணம், மண்டபத்துக்குக் கருங்கல் தரை, மழைநீர் வடிய வாய்க்கால் எல்லாம் முடிந்தன. வரவு செலவுக் கணக்கு பில்களோடு கோயிலில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது சுவாமி உலா வரும் சப்பரத்தைப் புதுப்பித்தது பற்றியும், அந்த வேலை பாதியில் இருக்கும்போதே காலமான நம் டிங்கர் அண்ணனைப் பற்றியும்தான்.

லாரியை நம்பிய ஊர் நம் சங்ககிரி. அடிபட்ட வண்டி என்றால் அண்ணன் பட்டறைதான். அம்பாசிடரில் தொழில் பழகியவர். 2014-இல் அந்தக் கார் உற்பத்தி நின்ற பிறகும் மிச்சமிருந்தவை அவரைத் தேடி வந்தன. ஒடுங்கிய கதவுக்கு உள்ளே இரும்புக் கட்டையை அணைகொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார். தகடு இழுபட்டுப் புடைத்திருந்தால், கேஸ் நெருப்பில் காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியை வைப்பார். புடைப்பு அடங்கிவிடும். அப்புறம் பனியன் துணியைக் கைக்கடியில் வைத்துத் தடவிப் பார்ப்பார். மேடு பள்ளத்தைப் பட்டி என்ற பசை பூசி மறைப்பது அவருக்குப் பிடிக்காது. கனமாகப் பூசிய பட்டி பெயிண்ட் அடித்த அன்று தெரியாது. வெயிலிலும் குலுக்கலிலும் பிறகு வெடிக்கும். நாள் ஆகிறதே என்று சலித்தவர்களும் அடுத்த முறை அவரிடமே வந்தார்கள்.

பழைய சப்பரத்தைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. அண்ணன் கீழே படுத்து, அடிச்சட்டத்தைத் தட்டிச் சத்தம் கேட்டார். "சட்டம் நல்லாத்தான் இருக்கு, தகடுதான் போச்சு" என்றார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். தகடும் வெல்டிங் ராடும் பெயிண்டும் மட்டுமே கோயில் செலவு. துருவேறிய இடங்களை வெட்டியெடுத்து 18 கேஜ் தகடு வைத்தார். யாரும் குனிந்து பார்க்காத அடிப்பக்கத்துக்கும் சுரண்டித் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு இரண்டு கோட் அடித்தார். முன்வளைவு மட்டும் பாக்கி. அவரிடம் தொழில் கற்று இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கும் தம்பிகள், அவருடைய சுத்தியல்களைக் கொண்டே அதை முடித்துக் கொடுத்தார்கள். அவர்களும் கூலி வாங்கவில்லை.

உபயதாரர் கல்வெட்டில் அண்ணன் பெயரை முதலில் பொறிப்பது என்றும், சதுர்த்தி உலாவில் அவர் குடும்பத்தாருக்கு முதல் மரியாதை என்றும் குழு ஒருமனதாக முடிவு செய்தது.

உலா முடிந்ததும் சப்பரத்தை வெளியே நனையவிடாமல் உடனே கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முன் அடிப்பக்கம் பார்த்து பெயிண்ட் அடிக்கும் பொறுப்பை அந்தத் தம்பிகளே ஏற்றிருக்கிறார்கள்.