தொட்டில் பெட்டி

பந்தலூர்

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டதால் கொழுந்து நன்றாக வருகிறது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

புன்னப்புழை ஆற்றில் வெறும் மரவையை, அந்த மரத்தட்டை வைத்தே தங்கத்துக்கு மணல் அரிக்கிறாயாம். மரவை மண்ணைச் சோதிக்க நல்லது. நாள் முழுக்க அரித்தால் கை சோர்ந்து பொடித் தங்கம் தண்ணீரோடு போய்விடும். போகிறதே என்றுதான் ஆட்கள் வேறு வழிக்குப் போகிறார்கள். உனக்கு அது வேண்டாம். தொட்டில் மாதிரி ஆட்டி மணலை அலசுகிற தொட்டில் பெட்டி ஒன்று செய்துகொள்.

உனக்குக் கைவேலை தெரியும். எட்டாவது படிக்கும்போது நீ செய்த முக்காலி இன்னும் ஆடவில்லை.

அயினிப் பலகை வாங்கு, வள்ளம் கட்டுகிற மரம், தண்ணீருக்குத் தாங்கும். ஒரு அங்குலக் கனம் போதும். பெட்டி 4 அடி நீளம், உள்ளகலம் 16 அங்குலம், வால் பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே எண்ணெயோ வார்னிஷோ பூசாதே. எண்ணெய்ப் பசை பட்டால் பொடித் தங்கம் மிதந்து போகும். செய்து முடித்ததும் ஒரு ராத்திரி ஆற்றில் ஊறப்போடு, பலகை உப்பி இடுக்கு அடைபடும்.

தலைப்பக்கம் மேலே சல்லடைப் பெட்டி. அடியில் தகரம், அரை அங்குல ஓட்டைகள். ஆணியை மேலிருந்து கீழாக அடி. பிசிறு அடிப்பக்கம் இருந்தால்தான் கல் சிக்காது. கல்லைக் கொட்ட அடிக்கடி தூக்குவாய், அதனால் இறுக்கமாகச் செய்யாதே.

அதற்குக் கீழே கித்தான், தலைப்பக்கம் தாழ்ந்து சரிவாக. விறைப்பாக இழுத்துக் கட்டாதே, கொஞ்சம் தொய்வு வேண்டும். நிறையத் தங்கம் அந்தத் தொய்விலேயே தங்கிவிடும்.

அடிப்பலகையில் சாக்கு விரித்து அதன்மேல் குறுக்குச் சட்டம் மூன்று, முக்கால் அங்குல உயரம். ஆணி அடித்துவிட்டால் சாக்கைக் கழுவ முடியாது, ஆப்பு வைத்து இறுக்கு. சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு நூல் இடம் விடு. காய்ந்த மரத்தை அளவாக வெட்டினால் ஊறினதும் கழற்ற வராது.

அடியில் பிறை வடிவத்தில் இரண்டு கால். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஆணியைத் துருத்தவிட்டு, கீழ்ப்பலகைக் குழியில் உட்கார வை, சரிவில் நழுவாது. தலைப்பக்கம் 2 அங்குலம் உயரம் போதும்.

களிமண்ணை அப்படியே போடாதே. உருண்டை உருண்டு போகும்போது பிடித்த தங்கத்தையும் ஒட்டிக்கொண்டு போகும். வாளியில் கரைத்துவிட்டு ஊற்று. ஒரே சீராகத் தண்ணீர், ஒரே சீராக ஆட்டம். ஆட்டத்தை நிறுத்தினால் சட்டத்துக்குள் மணல் இறுகி, தங்கம் அதன்மேல் வழுக்கி ஓடிவிடும். மணிக்கு ஒரு தரம் வால்மணலை மரவையில் பார். மஞ்சள் தெரிந்தால் சரிவைக் குறை.

கடைசியில் தங்கத்தோடு மிஞ்சுவது கருமணல். காயவைத்து, காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி இழு. மீதியை மரவையில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு அரி. பொறுமையாகச் செய்தால் பாதரசமே தேவையில்லை. தேவையில்லை என்று மறுபடியும் சொல்கிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது உன் பையில் இருந்த சின்ன பாட்டிலை அம்மா பார்த்துவிட்டு அத்தர் என்று நினைத்தாள். எனக்குத் தெரியாதா அது என்னவென்று.

நானும் பொடித் தங்கத்தை ரசத்தில் சேர்த்துச் சுட்டிருக்கிறேன் தம்பி. தோட்டத்து லயத்து வீட்டு அடுப்படியில், காற்றில் பொடி பறந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு. ரசப்புகைக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. உன் தொட்டில் அந்த உத்தரத்தில்தான் தொங்கியது. நாலு வயசு வரை நீ பேசவில்லை. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. என் கை நடுங்குவது வயசு என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

மருமகளுக்கு இது ஏழாம் மாதம். சூடு காட்டாவிட்டாலும் திறந்த பாட்டிலிலிருந்து ஆவி வரும், வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது. மூடியை இறுக்கி, பாட்டிலை இன்னொரு டப்பாவுக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே எடுத்துவிடு. ஆற்றில் கொட்டாதே, மீனுக்குள் போய் நம் சோற்றுக்கே திரும்பி வரும். வரும்போது அப்படியே என்னிடம் கொண்டுவந்து கொடு. நான் எதுவும் கேட்கமாட்டேன்.

பலகைக்குப் பணம் அனுப்புகிறேன். போனை எடு.

அப்பா