தாயி, மினிட் நோட்டு எழுதுன கை இது

அன்புள்ள தாயிக்கு, அப்பா எழுதுறேன்.

போன்ல பேசினா நீ "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா"ன்னு அவசரப்படுத்துவ, எனக்கும் பாதி மறந்துரும், அதான் ரெண்டு வெரலால தட்டித் தட்டி டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத.

ஜூலைல நீ நியூயார்க் போனப்ப அனுப்புன வீடியோவ உங்கம்மா தெருவுல ஒரு ஆள் விடாம காட்டிட்டா. ஐநா ஹாலு, கழுத்துல பேட்ஜு, பின்வரிசைல நீ. அன்னைக்கு ராத்திரி பேசுறப்ப சொன்னியே, 2030-க்குள்ள முடிக்கிறோம்னு உலக நாடுங்க ஒத்துக்கிட்ட நிலையான வளர்ச்சி இலக்குகள்ல எவ்வளவு செஞ்சோம்னு நம்ம நாடு 2017, 2020-க்கு அப்பறம் மூணாவது தடவையா அங்க அறிக்கை வாசிக்குது, அதுல உங்கள மாதிரி பசங்க எழுந்து கேள்வி கேக்க கிடைக்கிறது ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான்னு. "அவங்களே பரீட்சை எழுதி அவங்களே மார்க் போட்டுக்குறாங்கப்பா"ன்னு பொரிஞ்ச. நான் உம்முனு கேட்டுக்கிட்டேன், தூங்கிட்டேன்னு நெனச்சு நீ வச்சிட்ட. தூங்கல தாயி.

அந்தப் பரீட்சைப் பேப்பர்ல ஒரு வரி நான் எழுதுனது.

2018-ல, நான் இன்னும் ஊராட்சி கிளார்க்கா இருந்த நேரம். திறந்தவெளியில யாரும் வெளிக்குப் போறதில்லன்னு கிராம சபைல தீர்மானம் போட்டு அனுப்பணும்னு மேல இருந்து தினம் ரெண்டு போன். வீட்டுக்கு 12,000 ரூபா மானியத்துல கக்கூஸ் கட்டியாச்சு, போட்டோ ஏத்தியாச்சு, எல்லாம் உண்மைதான். ஆனா கட்டுனதுல பத்துக்கு நாலு கக்கூஸ்ல வெறகு அடுக்கியிருந்துச்சு, ஒண்ணுல கோழி அடை காத்துச்சு, நானே கண்ணால பாத்தேன். ஏன்னு கேட்டா தண்ணி. நம்ம ராமநாதபுரம் பக்கம் குடம் வைக்க ஓட்டை போட்ட தள்ளுவண்டிய ரெண்டு கிலோமீட்டர் தள்ளிட்டு வர்ற பொம்பள, அதுல ஒரு குடத்த எடுத்து கக்கூஸ்ல ஊத்துவாளா சொல்லு. அவ மேல எப்படி குத்தம் சொல்றது.

கூட்டத்துக்கு வந்தது முப்பது பேரு, அதுல பாதி டீக்கு. நம்ம ஊரு ஜனத்தொகைக்கு 100 பேர் வந்தாதான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். மறுநாள் நூறுநாள் வேலை நடந்த கண்மாய்க்கே மினிட் நோட்ட, அதான் கூட்டத் தீர்மானம் எழுதுற நோட்ட, எடுத்துட்டுப் போயி வரிசையா கையெழுத்தும் ரேகையும் வாங்குனேன், எதுக்குன்னு ஒருத்தர் கேக்கல, கேட்டிருந்தாலும் "மீட்டிங்குக்கு"ன்னு சொல்லியிருப்பேன். அப்பறம் வீட்டுக்கு வந்து லைட் போட்டு உக்காந்து "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது"ன்னு எழுதுனேன். என் கையெழுத்து நல்லா இருக்கும்னு உனக்கே தெரியும். 2019 அக்டோபர் 2-ம் தேதி நாட்டுல கிராமம் பூரா யாரும் திறந்தவெளிக்குப் போறதில்லன்னு ஆயிருச்சுன்னு அறிவிச்சாங்க, மறு வருஷம் கொரோனாவால ஐநா கூட்டமே கம்ப்யூட்டர்லதான் நடந்துச்சு, அதுல அந்தக் கணக்கையும் சேத்துதான் வாசிச்சாங்க. கோடிக்கணக்குல ஒரு ஊரு என்ன பெரிசுன்னு நீ கேப்ப. எனக்குப் பெரிசுதான்.

உடனே திட்டம் பூரா பொய்னு பேசிறாத, அதும் தப்பு. அந்தக் கக்கூஸால நம்ம ஊர்லயே எத்தன புள்ளைங்க ராத்திரி வயித்தப் புடிச்சிக்கிட்டு விடியக் காத்திருக்கிறது போச்சு, உங்கம்மாவக் கேட்டுப்பாரு. நடந்தத நடந்த அளவுக்கு எழுதியிருந்தா போதும், மிச்சத்துக்கு யாராவது தண்ணிக்கு வழி பாத்திருப்பாங்க. முழுசா முடிஞ்சதுன்னு நான் எழுதுனதாலதான் அப்பறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்கு வீடு குழாய்த்தண்ணி குடுக்குற மத்திய அரசோட ஜல் ஜீவன் திட்டத்துல நம்ம தெருவுக்கும் நீலப் பைப்பு வந்து வீட்டு வாசல்ல குழாய் நிக்குதுல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்ங்கறது அந்தத் திட்டத்தோட கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர், குடத்துக்கு 15 லிட்டர்னு வச்சா கிட்டத்தட்ட 15 குடம். மளிகைக்கடை அண்ணாச்சி மக, அவ கூட காலேஜ் படிக்கிற நாலஞ்சு பேரு, வயரிங் வேலை பாக்குற பையன் ஒருத்தன், இவங்க சேந்து ஒரு மாசமா விடியக்காலம் எந்திரிச்சு தெருத்தெருவா போயி செல்போன்ல டைம் வச்சு எத்தன குடம் ரொம்புதுன்னு நோட்டுல எழுதியிருக்காங்க. டேங்க் கிட்ட இருக்குற தெருவுல 18 குடம். கடைசித் தெருவுல 4, சில நாள் காத்துதான் வருது, குழாய் ஸ்ஸ்ஸ்னு சத்தம் போடும். தண்ணி திறக்குற முறை ஒருநாள் விட்டு ஒருநாள்ங்கறத கணக்குல சேத்தா அந்த 18-ம் பாதிதான்.

ஆகஸ்ட் 15 கிராம சபைல எல்லா வீட்டுக்கும் குழாய்த்தண்ணி வந்திருச்சுன்னு தீர்மானம் போடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் அண்ணாச்சி மக நம்ம வீட்டுக்கு வந்து "கிளார்க் தாத்தா, இத எப்படி நிப்பாட்டுறது"ன்னு கேட்டுச்சு. நீ சின்னதுல கேக்குற மாதிரியே இடுப்புல கைய வச்சுக்கிட்டு. என்ன சொல்றது, 2018 கதையை அவ கிட்டதான் மொத மொதல்ல சொன்னேன். உன் கிட்ட சொல்லல, கோச்சுக்காத, சொந்தப் புள்ள முன்னாடி வாய் வரல.

நிப்பாட்டாதீங்க, சரியா எழுத வைங்கன்னேன். குழாய் எத்தன வீட்ல நிக்குது, தண்ணி எத்தன வீட்ல வருது, ரெண்டையும் தனித்தனியா எழுதச் சொல்லணும். கையெழுத்துக்கு முன்னாடி தீர்மானத்த சத்தமா வாசிக்கச் சொல்லணும், வெறும் பக்கத்துல யாரும் கையெழுத்துப் போடக்கூடாது, கடைசி வரிக்குக் கீழ கோடு இழுக்கச் சொல்லணும், கோடு இழுக்கலன்னா அப்பறம் நாலு வரி சேத்துக்குவாங்க (நான் சேத்திருக்கேன்). அன்னைக்கு அத்தனையும் செஞ்சாங்க. தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரிலயே முடிஞ்சு ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புல இருந்ததால மேடைல யாருக்கும் சொந்தமா பதில் சொல்ற தைரியமில்ல. கூட்டத்தப் பாக்க மேல இருந்து அனுப்புன பற்றாளர் "தம்பி, இதெல்லாம் மனுவா குடுங்க"ன்னாரு. வயரிங் பையன் "மனுவும் குடுக்குறோம் சார், மினிட்லயும் எழுதுங்க"ன்னான். கடைசித் தெரு பொம்பளைங்க வெறுங்குடத்தோட வந்து நின்னாங்க. கடைசில எழுதுனாங்க தாயி, "கடைசித் தெருவில் 23 வீடுகளுக்குத் தண்ணீர் போதிய அளவு வரவில்லை"ன்னு. இத்தன வருஷ சர்வீஸ்ல நான் அப்படி ஒரு வரி எழுதுனதில்ல.

அது இருந்தும் எல்லா வீட்டுக்கும் தண்ணி வந்திருச்சுங்கற சான்று மேல போயிருச்சான்னு பாக்க தகவல் உரிமைல மனு போட்டிருக்காங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாள்ல பதில் வரணும். இந்தச் சட்டத்த நம்ம மாநிலம் 1997-லயே போட்டுச்சு, இந்தியாவுக்கே மொதல்ல, ஆனா அப்ப இருந்த விதிவிலக்குல நாங்க எந்தக் காகிதத்தையும் குடுக்காம ஓட்டிட்டோம். 2005 மத்திய சட்டத்துக்கு அப்பறம்தான் ஆபீஸ்ல பயமே வந்துச்சு. அதுக்கும் வேர் ராஜஸ்தான்ல இருக்கு, 1994-ல கோட் கிரானாங்கற கிராமத்துல ஊர்ச்சனம் முன்னாடி வேலைக் கணக்க வாசிச்சாங்களே, செத்துப்போனவன் பேருக்குக் கூலி போட்டது, கட்டாத கட்டடத்துக்கு பில் போட்டது, அப்படி கணக்கு கேட்ட ஜனங்கதான் "நம்ம பணம், நம்ம கணக்கு"ன்னு கோஷம் போட்டாங்க. நீதான் எனக்கு அந்த வீடியோ அனுப்புன, நான் பாக்காமலே தம்ஸ் அப் போட்டேன். இப்ப பாத்தேன்.

அந்த ஐநா இலக்கப் பத்தி 17 இலக்கு, 169 குறிக்கோள், 193 நாடு, 2030ன்னு நீ மனப்பாடமா சொல்லுவ. அந்தக் குறிக்கோள்ல 17 சதவீதம்தான் சரியான பாதைல போகுதுன்னு 2024-ல ஐநாவே சொல்லிருச்சு. மாநிலங்க இந்த இலக்குல எங்க நிக்குதுன்னு மத்திய அரசோட நிதி ஆயோக் போட்ட 2023-24 பட்டியல்ல நம்ம மாநிலத்துக்கு 100-க்கு 78 மார்க், நாட்டுக்கு 71. அந்த 78-ல எங்க கடைசித் தெரு எந்தப் பக்கம் நிக்குதுன்னு மார்க் ஷீட்டப் பாத்தா தெரியாது. அடுத்த தடவ அங்க போறப்ப அந்த நோட்டோட போட்டோவ கொண்டு போ, அனுப்பி வைக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துல சதவீதம் பேசாத, 4 குடம்னு சொல்லு.

உங்கம்மாவுக்குத்தான் பயம். "இவருக்கு பென்ஷன நிப்பாட்டிருவாங்க, அவளுக்கு பாஸ்போர்ட்ட புடுங்கிருவாங்க"ன்னு பொலம்புறா, ஆனா மனுவுல மூணாவது கையெழுத்து அவளோடது. பருப்புப் பொடி பார்சல் போட்டிருக்கா, வந்ததும் ஒரு போன் பண்ணு.

நாளைக்கு முறை நாள், 5 மணிக்கு தண்ணி திறப்பாங்க. கடைசித் தெருவுல கணக்கெடுக்க ஆள் பத்தல, வாங்க தாத்தான்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. டார்ச்சுக்கு பேட்டரி போயிருச்சு, கடை அடைக்கிறதுக்குள்ள வாங்கணும்.

இப்படிக்கு,
அப்பா