ஆல்பர்ட்டா ஹண்டர் காணாமல் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைப் பாடிய பாடகிகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பெஸ்ஸி ஸ்மித் பற்றிய பகுதி அருமை. ஆனால் 1923இல் அவரை ஊரறியச் செய்த ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ பாட்டை எழுதியது யார் என்று ஒரு வரிகூட இல்லையே? எழுதியவர் ஆல்பர்ட்டா ஹண்டர், பியானோ வாசித்த லவி ஆஸ்டினோடு சேர்ந்து. பெஸ்ஸிக்கு முந்தைய வருடமே பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அதைப் பாடிப் பதிவும் செய்துவிட்டார். பெஸ்ஸியின் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது, எழுதியவருக்கோ அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பணம்தான் போயிற்று, பெயரையாவது போட்டிருக்கலாம்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. கட்டுரையின் கடைசியில் ஆல்பர்ட்டாவைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு வருகிறது, அதிலும் அவர் இருபது ஆண்டுகள் காணாமல் போயிருந்தவராம். எங்கே காணாமல் போனார்? நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் தீவு என்று இன்று அழைக்கப்படும் இடத்தில், கோல்ட்வாட்டர் மருத்துவமனையில், நாள்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸாக இருந்தார். 1895இல் மெம்ஃபிஸில் பிறந்து, சின்ன வயதிலேயே சிகாகோவுக்கு வந்து, மட்டமான இடங்களில் பாடத் தொடங்கி ட்ரீம்லாண்ட் என்ற பெயர்பெற்ற இசை விடுதி வரை உயர்ந்தவர், 1928இல் லண்டனில் பாடகரும் நடிகருமான பால் ராப்சனோடு ஒரே மேடையில் நின்றவர், இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்குப் பாட இந்தியா-பர்மா-சீனா போர்முனை வரை வந்தவர். வாய்ப்பில்லாமல் முடங்கிய ஆள் இல்லை. 1950களில் அம்மா இறந்த பிறகு, மேடை போதும் என்று அவரே முடிவெடுத்து நர்ஸ் படிப்பில் சேர்ந்தார். வயது அறுபதை ஒட்டியிருந்தது, உண்மையைச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று 12 வயதைக் குறைத்துச் சொன்னார். அந்தப் பொய்யை நான் தப்பாகவே நினைக்கவில்லை.

அந்த வேலையில் இருக்கும்போதே 1961இல் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடியிருக்கிறார், அதிலும் ஒரு பதிவு பழைய தோழி லவி ஆஸ்டினோடு. 1977இல் 70 வயதாகிவிட்டது என்று மருத்துவமனை ஓய்வு கொடுத்தது, உண்மையில் அப்போது அவருக்கு 82. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, படுக்கை மாற்றி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட வருடங்களை வெற்றிடம் மாதிரி எழுதுவது எனக்கு ஏற்கவே முடியவில்லை. மேடையில் நிற்கும் நாள் மட்டும்தான் பாடகிக்கு வாழ்க்கை என்று யார் சொன்னது?

சரி, அதற்குப் பிறகு நடந்ததையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதே வருடம் கிரீன்விச் வில்லேஜில் பார்னி ஜோசப்ஸன் நடத்திய ‘குக்கரி’ உணவகத்தில் பாட வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரும் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியை 1938இலேயே தொடங்கிய ஜோசப்ஸன்தான் இவர். சில வாரங்களுக்கென்று பேசியது வருடக்கணக்கில் நீண்டது. 1978இல் வெள்ளை மாளிகையில் ஜிம்மி கார்ட்டர் முன்னால் பாடினார், 1984 அக்டோபரில் 89 வயதில் இறந்தார்.

இவரைக் கேட்க விரும்புபவர்கள் 1922 பதிவில் தொடங்க வேண்டாம், மைக் இல்லாமல் குழாயில் பாடிப் பதிந்த காலத்துத் தட்டு அது, குரல் மெல்லியதாகத்தான் கேட்கும். 1978இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காக ஜான் ஹாமண்ட் தயாரிப்பில் பாடிய தொகுப்பை முதலில் கேளுங்கள். 1933இல் பெஸ்ஸியின் கடைசிப் பதிவுகளைச் செய்தவரும் இதே ஹாமண்ட்தான். ஆல்பர்ட்டாவின் அந்தத் தொகுப்பில் ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ இருக்கிறது, எழுதியவரே எண்பதைத் தாண்டிய வயதில் பாடுகிறார், ஒரு சொல்லையும் விழுங்காமல்.

அன்புடன்,
ஒரு வாசகி