ஆர்.எம்.எஸ். சண்முகத்துக்கு ஒரு கடிதம்

லின்ஸ், ஆஸ்திரியா
செப்டம்பர் 2019

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். நீ மாடிப்படி ஏறுவதைப் பார்த்த பிறகு நம்புகிறேன். இங்கே பேரன் நலம். மகன் வைக்கும் ரசம் இன்னும் ரசமாகவில்லை.

போன வாரம் அவன் என்னை ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவுக்கு அழைத்துப் போனான். கணினி, ரோபோ, உயிரியல் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வைத்துக் கலை செய்கிறவர்கள் கூடும் விழா. 1979இல் இந்த ஊரில் தொடங்கியிருக்கிறார்கள். நீயும் நானும் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலம். நாற்பதாம் ஆண்டுக்கு வைத்திருக்கும் தலைப்பு, டிஜிட்டல் புரட்சியின் நடுவயது நெருக்கடி. நமக்கெல்லாம் அது வந்து போனதே தெரியவில்லை, சம்பளக் கமிஷன் கவலையிலேயே ஓடிவிட்டது.

விழா நடக்கும் கட்டடத்தில் நுழைந்ததுமே உன் நினைவு வந்தது. ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய தபால் பிரிப்பு மையம் அது. தபால்காரர்கள் காலி செய்துபோன பின், 2015இலிருந்து விழா அங்கே நடக்கிறது. ரயில் வந்து நின்ற தண்டவாளக் கூடம் இருக்கிறது. மாடியிலிருந்து பார்சல்கள் சறுக்கி இறங்கிய பெரிய சுருள்கள் அப்படியே நிற்கின்றன. பிராகாரம் சுற்றுவதுபோல் அவற்றையே சுற்றிக்கொண்டிருந்தேன். திருச்சி ஜங்ஷனில் வண்டி நிற்கும்போது, ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் சேவையில் நீ கடிதம் பிரிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உறையில் ஒரு பார்வை; தஞ்சை, குடந்தை, மாயவரம் என்று கை தானாக அந்தந்த அறைக்குப் போகும். வியர்வை முகவரிகள் மேல் சொட்டாமலிருக்கத் தோளில் ஈரிழைத் துண்டு.

அந்த வியர்வைக்கு இங்கே பரிசு கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? இவர்களின் பெரிய விருது தங்க நிக்கா, தலையில்லாத சிறகுப் பெண் சிலை. இந்த ஆண்டு அதைப் பெற்றவர்களில் ஒருவர் பால் வனூஸ் என்ற அமெரிக்கர். படைப்பின் பெயர் 'உழைப்பு'. மூன்று கலன்கள், ஒவ்வொன்றிலும் மனிதத் தோலில் வாழும் ஒருவகை பாக்டீரியா. வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாதாம். இந்த ஜீவன்கள் தின்று செரித்து வெளிவிடுவதுதான் நம் மூக்கில் ஏறுகிறது. மூன்றும் கலந்தால், நாள் முழுக்க மூட்டை தூக்கிய ஆளின் நெடி. நடுவில் ஒரு வெள்ளை டீ-சர்ட். ஆள்தான் இல்லை.

எனக்கு அது கொஞ்சம் அச்சமாகவே இருந்தது. மற்றபடி திரைகளும் ஒளிக்கற்றைகளும் ஏராளம். கண் கூசியதுதான் மிச்சம்.

இன்னொன்று, மகன் சொல்லிக் கேட்டது. 1996இலிருந்து 2004 வரை இங்குள்ள ஆர்ஸ் எலெக்ட்ரானிகா மையத்தில் ஒரு குட்டித் தோட்டம் இருந்ததாம். கென் கோல்ட்பர்க் என்ற ரோபோ ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 1995இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. இணையம் வழியாக, எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரு ரோபோ கையை ஏவி விதை ஊன்றலாம், தண்ணீர் விடலாம். முன்பின் பார்த்திராதவன் நட்ட செடிக்கு எவனோ தண்ணீர் ஊற்றியிருக்கிறான்.

அது இருக்கட்டும். என் வீட்டு மொட்டைமாடித் துளசியைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே. ஏறினாயா, இல்லையா?

உன்,
வைத்தி