எதற்குத் தனி ரக்பி கழகம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்காக லண்டனில் ஒரு ரக்பி கழகம் நடப்பதைக் குறிப்பிட்டு, "விளையாட்டிலுமா தனிப் பந்தி?" என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் வருத்தத்துடன் கேட்டிருந்தார். அவருடைய வருத்தம் உண்மையானது என்றே கொள்கிறேன். ஆனால் நடப்பது வேறு.

அவர் குறிப்பிட்ட கிங்ஸ் கிராஸ் ஸ்டீலர்ஸ் கழகம் 1995இல் தொடங்கப்பட்டது. இவ்வகைக் கழகங்களில் உலகிலேயே முதலாவது அதுதான். அங்கே சேர விரும்புகிறவர் யாரை நேசிக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. பெண்களை மணந்தவர்களும் அங்கே ஆடுகிறார்கள். இங்கிலாந்தின் வழக்கமான லீக் போட்டிகளில், மற்ற ஊர்க் கழகங்களுக்கு எதிராக, அதே விதிகளின்படி அவர்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினருக்குச் சாப்பாடு போடுவது ரக்பியின் பழைய மரபு. அந்த மேசைகளிலும் இரு அணியினரும் கலந்துதான் உட்காருகிறார்கள்.

அப்படியானால் தனிக் கழகம் எதற்கு? அந்தக் கழகம் தோன்றிய அதே 1995இல்தான் கேரத் தாமஸ் வேல்ஸ் அணிக்காக முதன்முறையாக ஆடினார். பின்னர் அவ்வணியின் தலைவரானார். வேல்ஸுக்காக நூறு சர்வதேச ஆட்டங்களைத் தொட்ட முதல் வீரரும் அவரே. இத்தனை புகழும் வலிமையும் இருந்தும், தாம் தன்பாலீர்ப்புள்ளவர் என்பதை வெளிப்படையாகச் சொல்ல அவருக்கு 2009 டிசம்பர் வரை ஆயிற்று. நாடறிந்த வீரருக்கே பதினான்கு ஆண்டுகள் ஆயின என்றால், உடைமாற்றும் அறையில் அன்றாடம் கேட்கும் ஏச்சுகளுக்கு அஞ்சிப் பள்ளிப் பருவத்திலேயே விளையாட்டைக் கைவிட்ட சாதாரணச் சிறுவனின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் பங்கேற்ற சுமார் 9,500 பேரில் 80 விழுக்காட்டினர், விளையாட்டுச் சூழலில் இத்தகைய வெறுப்பைக் கண்டதாகவோ அனுபவித்ததாகவோ கூறினர்.

அவ்வாறு விலகிப்போனவர்களை முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் மைதானத்துக்குத் திரும்ப அழைத்து வருவதுதான் இக்கழகங்களின் முதன்மையான பணி என்பது என் கருத்து. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்பதுகூடத் தெரியாமல் வருகிறவருக்கு அங்கே முதலிலிருந்து கற்றுத்தருகிறார்கள். ஓடிவரும் ஒருவரை மறித்து வீழ்த்தும்போது தோளை எங்கே பதிக்க வேண்டும், தலையை எந்தப் பக்கம் வைத்தால் கழுத்துக்கு ஆபத்தில்லை, விழும்போது எப்படி விழ வேண்டும் என்பவற்றை முதலில் முழங்காலிட்டும், பிறகு நடந்தும், கடைசியில் ஓடியும் பழக்குகிறார்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளும் 'ஸ்க்ரம்' என்னும் அமைப்பில், பக்கத்தில் நிற்பவரை நம்பாமல் ஒருவராலும் நிற்க முடியாது. தன் உடம்பைப் பற்றிக் கேலியை மட்டுமே கேட்டு வளர்ந்த மனிதருக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது!

ஆடத் தெரியாதவர்களின் ஒதுங்கிடம் என்றும் இவற்றைக் கருதிவிட வேண்டாம். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1991லும் 1993லும் தேசிய ரக்பி பட்டம் வென்றபோது அவ்வணியில் ஆடிய மார்க் பிங்கம், பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபாக் என்னும் இவ்வகைக் கழகத்தில் விரும்பிச் சேர்ந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானத்தில், கடத்தல்காரர்களை எதிர்க்கத் துணிந்த பயணிகளில் ஒருவராக அவர் கருதப்படுகிறார், அதிலேயே உயிரிழந்தார். அவர் பெயரால் 2002இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிங்கம் கோப்பைப் போட்டி, டப்ளின், சிட்னி, ஆம்ஸ்டர்டாம் எனப் பல நகரங்களைக் கடந்து 2024இல் ரோமில் நடைபெற்றது.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் தாராளமாக இடம் தருகிறீர்கள். அடுத்த பிங்கம் கோப்பையின் முடிவுகளுக்கும் அங்கே சில வரிகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், முன் அனுபவமில்லாதவர்களையும் இக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன என்ற தகவலையும் வெளியிட்டால், லண்டனிலும் மான்செஸ்டரிலும் கார்டிஃபிலும் உள்ள நம் இளைஞர்களுக்குப் பயன்படும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
லண்டன்