நாலு பேருக்கும், நாலு பேருக்கு மேலும்

அன்புள்ள சபையாருக்கும், தெருக்காரர்களுக்கும், முகம் தெரியாத உங்களுக்கும்,

போன ஞாயிறு ஆராதனையில் எங்கள் போதகர் ஐயர் காணிக்கைக் கவர்களை வாசித்தபோது எங்கள் கவரும் வந்தது. 'வியாதியில் கிடைத்த சுகத்திற்காக ஒரு குடும்பத்தார் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை.' ஐந்து நொடி. அடுத்த கவர் யாருக்கோ பிறந்தநாள். குறையாகச் சொல்லவில்லை, கவரில் அவ்வளவுதான் இடம். ஆனாலும் இரண்டு வருஷத்தை ஐந்து நொடியில் மடித்து வைத்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த மடல். என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது, எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடட்டுமா என்று எனக்கு உதவின ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருத்தர்கூடச் சம்மதிக்கவில்லை. சரி, பெயர் இல்லாமலேயே சொல்கிறேன். உங்களுக்கு உங்களைத் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் பாளையங்கோட்டையில் தையல்காரன். கீழே கடை, மாடியில் வீடு. முருகன்குறிச்சியில் 1826-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த கதீட்ரலுக்குத் தூய திரித்துவ ஆலயம் என்று பெயர். ஆனால் ஊரில் கேட்டால் ஊசிக்கோபுரம் என்றுதான் வழி காட்டுவார்கள். ஊசி பிடிக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான கோயில் ஏது என்பார் அப்பா.

2023 நவம்பர். கிறிஸ்துமஸ் தையல் குவிந்துகிடந்த நேரம். மாதத் தொடக்கத்தில் நாலு நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்தால் பெடல் மேல் பாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முதலில் காட்டிய இடத்தில் சத்துக் குறைவு என்று சொல்லி ஒரு பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் படி ஏற முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் கத்தரி கையை விட்டு விழுந்தது. அன்று ராத்திரி கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை.

எங்கள் மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஸ்ட்ரெச்சர் ஏறாது. அப்போது வந்தவர்கள்தான் அந்த நாலு பேர்: கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியார், ஆட்டோக்காரத் தம்பி, மாவு மில் அண்ணாச்சி, மேலப்பாளையத்திலிருந்து வந்து எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாய். கடையில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் என்னைப் படுக்கவைத்து மூலைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். திருப்பத்தில் கிரில் கேட் இடித்தது. அண்ணாச்சி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, கடப்பாரையை வைத்து நெம்பிக் கேட்டைக் கழற்றிப்போட்டார்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு போவது என்றால் நம் ஊரில் அர்த்தம் வேறு. அம்மா வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்து அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மாற்கு எழுதின சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். ஞாயிறு பள்ளியிலிருந்து நூறு தடவை கேட்ட கதை. அந்தக் கூரைக்கு அப்புறம் யார் காசு கொடுத்தார்கள் என்று மாற்கு எழுதவில்லை. எங்கள் கேட்டைத் திரும்ப வெல்டிங் வைத்துக் கொடுத்த பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை என்பதை மட்டும் நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. கில்லன் பாரே சின்ட்ரோம் என்றார். வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் இரண்டு பேருக்கு வருமாம். வயிற்றுக் கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி நரம்பை அடித்துவிடுகிறது. 1916-ல் பிரான்சில் மூன்று மருத்துவர்கள் சேர்ந்து இந்த நோயைப் பற்றி எழுதினார்களாம். கில்லன், பாரே, ஸ்ட்ரோல். மூன்றாமவர் பெயர் எப்படியோ விடுபட்டுப்போய்விட்டது. வேலை செய்தவர்களின் பெயர் விடுபட்டுப்போவது பழைய வழக்கம்தான் போல.

மூன்றாம் நாள் மூச்சு நின்றுபோகும் நிலை. வென்டிலேட்டர் வைத்தார்கள், பிறகு கழுத்தில் துளை. மொத்தம் 38 நாள். கை, கால், முகம், நாக்கு எதுவும் அசையவில்லை. ஆனால் காது நன்றாகக் கேட்டது. வலியும் இருந்தது. கண்ணை மட்டும் மேலும் கீழும் அசைக்க முடிந்தது.

மருந்து ஒன்று ஏற்றினார்கள், இம்யூனோகுளோபுலின். எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கு, ஐந்து நாளாகப் பிரித்து. நான் 62 கிலோ, ஆக 124 கிராம். விலையைக் கேட்டு என் மனைவி வளையல்களைக் கழற்றியது பின்னால்தான் எனக்குத் தெரியும். அந்த மருந்தை ஆலையில் ரசாயனம் கலந்து செய்துவிட முடியாதாம். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்துத்தான் எடுக்க வேண்டுமாம். எந்த ஊர், என்ன சாதி, யாரைக் கும்பிடுகிறவர்கள், எதுவும் தெரியாது. இந்த மடலின் முதல் வரியில் முகம் தெரியாதவர்கள் என்று எழுதினேனே, அது உங்களுக்குத்தான். உங்களில் ஒருவராவது இதை வாசிக்க நேர்ந்தால், ஐயா, அம்மா, உங்களுக்கு நன்றி.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் சொல்கிற மாதிரி நான் அங்கே ஓயாமல் ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. ஜெபிக்க வரவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மனசுக்குள் ஆரம்பித்தால் பாதியில் வென்டிலேட்டர் மெஷினின் சத்தத்துக்குப் போய்விடுவேன். அது மூச்சு கொடுப்பதை எண்ணுவேன், நிமிஷத்துக்குப் பதினான்கு. சில ராத்திரிகளில் கோபம்தான் இருந்தது. பார்க்க வந்த ஒருவர் பாவத்தை அறிக்கை செய்யச் சொன்னார். நாக்கே அசையாதவன் எதை அறிக்கை செய்வது? இன்னொரு பெரியவர் நல்ல மனசோடு வேதத்தைத் திறந்து, 'நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்' என்று சங்கீதப் புத்தகத்திலிருந்து வாசித்தார். என்னைவிட அசையாமல் அமர்ந்திருந்தவன் அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவிலேயே கிடையாது. சிரிக்க முடிந்திருந்தால் சிரித்திருப்பேன். அவரும் இதை வாசிப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம் தாத்தா. மூன்று மாதம் கழித்து அந்த வசனம்தான் எனக்குத் துணைக்கு வந்தது.

நான் ஜெபிக்காத நாட்களில் யார் ஜெபித்தார்கள் என்று வெளியே வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முதல் ஏழு நாளும் சங்கிலி ஜெபம் வைத்திருக்கிறார்கள். இருபத்துநாலு மணி நேரத்தை அரை அரை மணியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு நேரம். விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லையாம். பீடி சுற்றும் பாட்டி ஒருத்தி, எப்படியும் நான் முழித்துத்தான் கிடப்பேன் என்று அதை வாங்கிக்கொண்டாள். ஏழு நாளில் சங்கிலி முடிந்தது. நான் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, பாட்டி இன்னும் மூன்று மணிக்கு எழுந்துகொண்டிருக்கிறாள். "என்ன பாட்டி, இன்னுமா?" என்றேன். "நிறுத்துன்னு யாரும் சொல்லலையே அய்யா" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த மாற்கு அதிகாரத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று இருக்கிறது. அவர்கள் விசுவாசத்தை. படுத்திருந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. நாற்பத்தாறு வயதுவரை அந்த வரியை நான் கவனித்ததே இல்லை. நான் நம்பிக்கையை விடாமல் பிடித்திருந்தேன் என்று என்னைப் பாராட்டுகிறவர்களுக்கு இதுதான் என் பதில். பிடித்திருந்தது நீங்கள். ஜமுக்காளத்தின் நாலு மூலையையும் நீங்கள் பிடித்திருந்தீர்கள், நான் நடுவில் கிடந்தேன்.

பேச்சு வராதபோது என்னோடு பேச வழி கண்டுபிடித்தது என் மகள், அப்போது எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கண்ணைப் பார்த்துவிடலாம். தமிழில் 247, ஒரு வார்த்தைக்கே பொழுது விடிந்துவிடும். அவள் இலக்கணப் புத்தகத்தை எடுத்தாள். உயிரா, மெய்யா? மெய் என்றால் வல்லினமா, மெல்லினமா, இடையினமா? ஒவ்வொரு இனத்திலும் ஆறே எழுத்து. அப்புறம் சேர வேண்டிய உயிர். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். நான் சொன்ன முதல் வார்த்தை 'எச்சில்'. தொண்டையில் அடைத்துக்கொண்டு உயிர் போகிற மாதிரி இருந்தது. தமிழ் வாத்தியார்களே, அந்த மூன்று இனமும் ஒரு மனுஷனைக் காப்பாற்றின.

டிசம்பர் 17, 18 மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வீட்டிலிருந்து யாரும் இரண்டு நாள் என்னிடம் வர முடியவில்லை. மாற்று ஆட்களும் வர முடியாததால், ஐ.சி.யூ.வில் இருந்த நர்ஸ் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தார்கள். தன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த செய்தி வந்த பிறகும், இரண்டு மணிக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப்போட வந்தாள் ஒரு தங்கச்சி. படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லாமல் நான் வீடு திரும்பினேன் என்றால் அது அவர்கள் கைவேலை. மகள் எழுதி ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து, என் கண்ணைப் படிக்கவும் அந்தத் தங்கச்சி கற்றுக்கொண்டாள். அவள் கிறிஸ்தவப் பிள்ளை இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் கேட்டது ஜெபம். அதற்கு அவள், "எனக்கு உங்க ஜெபம் தெரியாதே அண்ணா, எங்க அம்மனைக் கும்பிட்டுக்கவா?" என்றாள். கண்ணை மேலே தூக்கினேன். யாராவது விளக்கம் கேட்டால் என்னிடம் விளக்கம் இல்லை.

கடையில் கிறிஸ்துமஸுக்குத் தைக்க வாங்கிவைத்திருந்த உருப்படிகள் முப்பத்தொன்று. எதிர்த்த தெருவில் கடை வைத்திருக்கிறாரே, பதினைந்து வருஷமாக நானும் அவரும் பேச்சு கிடையாது. ஒரு பட்டுப்பாவாடை விவகாரம், அதை விடுங்கள். அவர் வந்து என் மனைவியிடம் அளவு நோட்டை வாங்கிப்போய் அத்தனையும் தைத்து, கூலியை ஒரு ரூபாய் எடுக்காமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முப்பத்தொன்றில் ஒரு சட்டையின் காலர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், அண்ணே, உங்களை நான் மறக்க மாட்டேன்.

பிப்ரவரியில் வீடு. அப்புறம்தான் நீளமான வேலை. நரம்பின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சீக்கிரம் சரியாகுமாம், எனக்கு உள் நரம்பும் கெட்டிருந்தது. அது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும் என்றார் டாக்டர். என் மெஷினில் ஒரு தையலே இரண்டரை மில்லிமீட்டர். நரம்பு ஒரு தையல் போட இரண்டரை நாள்! டேப்பை எடுத்து இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்தேன், சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிசியோதெரபி தங்கச்சி வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்தாள். முதல் மாதம் முழுக்க நாங்கள் செய்தது, பெருவிரலை அசைக்கப் பார்த்தது. "அசையலைன்னாலும் அசைன்னு நினைங்கண்ணா" என்பாள். அந்த நேரத்தில்தான் தாத்தா வாசித்த வசனம் திரும்ப வந்தது. பரமண்டல ஜெபமும் ஒரு வழியாக முழுசாக வந்தது. அதில் ஆகாரம் கேட்கிற இடத்தில் 'இன்று' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இடது பாதம் இன்னும் தொங்குகிறது, பட்டை கட்டித்தான் நடக்கிறேன், கைத்தடி வேண்டும். பெடல் மிதிக்க முடியாததால் மோட்டாருக்கு மாறினேன், அதன் விசை வலது காலில். போன மாதம் ஊசியில் நூல் கோத்தேன். பதினோராவது தடவை நுழைந்தது. காஜா எடுக்க மட்டும் இன்னும் கை நடுங்குகிறது, அதை எதிர்த்த தெரு அண்ணன் எடுத்துத் தருகிறார். அந்தக் காலர் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

வரும் திங்கள்கிழமை கடை திறக்கிறேன். முதல் துணி மூன்று மணிப் பாட்டிக்கு, கிறிஸ்துமஸ் ரவிக்கை. துணி எடுத்தாகிவிட்டது. பாட்டி மட்டும் அளவு ரவிக்கை கொடுத்தனுப்பாமல் நாளைக் கடத்துகிறாள். கூலி வாங்க மாட்டேன் என்று தெரிந்துபோயிற்று போல. அந்தத் தெருவில் இருப்பவர்கள் யாராவது வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஜமுக்காளத்தின் நடுவில் கிடந்தவன்
பாளையங்கோட்டை, நவம்பர் 2025